ஜோம்பி கேம் வாங்கித் தரலாமா?

கேள்வி: பத்து வயசுப் பையன் ஜோம்பி கேம் கேட்டு உயிரை எடுக்கறான். "அது மனுஷனே இல்லம்மா, பொணம்தானே"ங்கறான். வாங்கித் தரலாமா?

பதில்: உங்க பையன் வக்கீலுக்குப் படிக்கலாம்ங்க! ஜோம்பின்னாலே ஒரே ரகம் இல்ல. 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜோம்பிஸ்'ல செடி பட்டாணி துப்பும், ஜோம்பி கை கழண்டு விழும், சிரிப்புதான் வரும், கேமுக்கு வயசு ரேட்டிங் போடற அமெரிக்க அமைப்பு ஈஎஸ்ஆர்பி அதுக்கு 10 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' அப்படி இல்ல, ஐரோப்பாவோட பெகி ரேட்டிங் 18, அதுல மனுஷங்களையே பின்னாடி போய் கழுத்தை நெரிக்கணும். அட்டையில 17, 18ன்னு இருந்தா பேச்சே வேண்டாம். ஆன்லைன்ல முகம் தெரியாதவங்க பேசறது ஈஎஸ்ஆர்பி ரேட்டிங்ல வராது, வாய்ஸ் சாட்டை ஆஃப் பண்ணிடுங்க. சந்தேகமா இருந்தா அவன் தூங்கினப்புறம் நீங்களே அரைமணி ஆடிப் பாருங்க, நான் ஆடிட்டு லைட்டை அணைக்கவே பயந்தேன்.