டேப்லெட்டா, ஏஐ எக்ஸ்ரேயா, டெங்கு டாஷ்போர்டா: எதற்குப் பணம் ஒதுக்குவது?

கேள்வி: மாவட்ட சுகாதார அலுவலகத்தில் பணிபுரியும் மருத்துவர் நான். தொழில்நுட்ப முன்மொழிவுகளை மதிப்பிடும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். மூன்று கம்பெனிகள் வந்து பிபிடி காட்டிவிட்டுப் போயிருக்கின்றன. ஒன்று, கிராம சுகாதார செவிலியர்கள் 300 பேருக்கு டேப்லெட்டும் புதுச் செயலியும். இரண்டு, காசநோயைக் கண்டுபிடிக்க ஏஐ மென்பொருளோடு கையடக்க எக்ஸ்ரே. மூன்று, டெங்கு எந்த ஊரில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் டாஷ்போர்டு, அதாவது கணினித் தகவல் திரை. மூன்றுக்கும் நிதி போதாது. எனக்கு மென்பொருள் பற்றி ஒன்றும் தெரியாது. எதை வைத்து முடிவு சொல்வது?

பதில்:

மென்பொருள் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். அது தெரிந்தவர்கள் குழுவில் வேறு யாராவது இருப்பார்கள். துணை சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியரின் காலை எப்படிப் போகிறது, ஆய்வகத்தில் சளி மாதிரி எத்தனை நாள் காத்திருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான். மதிப்பீட்டின் முக்கால் பங்கு அங்கேதான் இருக்கிறது.

மூன்று கம்பெனிகளிடமும் முதலில் ஒரே கேள்வியைக் கேளுங்கள். உங்கள் பொருள் வந்த பிறகு யார், எந்த முடிவை, இன்றைக்கு எடுப்பதை விட வேறு மாதிரி எடுப்பார்? "எல்லாத் தகவலும் ஒரே திரையில் தெரியும்", "கலெக்டர் உடனுக்குடன் பார்க்கலாம்" என்று சொன்னால் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள், ஏனென்றால் யாரோ பார்ப்பதால் மட்டும் ஒரு நோயும் குறையப்போவதில்லை. நல்ல பதில் எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2015-இல் தொடங்கிய, தடுப்பூசி இருப்பையும் குளிர்நிலையையும் கண்காணிக்கும் ஈவின் திட்டத்தில் தடுப்பூசி வைக்கும் ஐஎல்ஆர் என்ற குளிர்சாதனப் பெட்டிக்குள் சிம் பொருத்திய வெப்பமானி இருக்கும். வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி வரம்பைத் தாண்டினால் பொறுப்பாளரின் போனுக்குச் செய்தி போகும். அவர் போய்ப் பார்த்து மருந்தைக் காப்பாற்றுவார். தகவல் எது, போவது யாருக்கு, அவர் செய்வது என்ன என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடிகிறது. உங்கள் மேசையில் இருக்கும் மூன்றையும் இப்படிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

எக்ஸ்ரேயிலிருந்து தொடங்குகிறேன், மூன்றில் அதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் மார்பு எக்ஸ்ரேயைக் காசநோய்க்காகப் படிக்க, மருத்துவருக்குப் பதிலாகக் கணினி மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இலேயே பரிந்துரைத்துவிட்டது. ஆகவே "ஏஐ வேலை செய்யுமா?" என்ற விவாதத்தில் குழுவின் நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது, மிஷின் "சந்தேகம்" என்று சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019–21 தேசியக் காசநோய் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய். ஊர் ஊராகப் போய் எல்லாருக்கும் எடுக்கிறீர்கள் என்றால் 10,000 பேரில் நோயாளிகள் சுமார் 32 பேர். மென்பொருள் நோயாளிகளில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 29 நோயாளிகள் கிடைப்பார்கள். கூடவே நோய் இல்லாத சுமார் 1,994 பேரும் சந்தேகப் பட்டியலில் வந்து நிற்பார்கள். அதாவது பரிசோதனைக்கு அனுப்பும் சுமார் 70 பேரில் ஒருவருக்குத்தான் நோய். இந்த 2,023 பேருக்கும் சளி எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறு பரிசோதனை செய்ய வேண்டும். அதைச் செய்யும் சிபிநாட் மிஷினில் நான்கு மாட்யூல் இருந்தால், அதாவது ஒரே நேரத்தில் நான்கு மாதிரி பார்க்க முடிந்தால், ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகும், எட்டு மணி நேரத்தில் அதிகபட்சம் 16 மாதிரிகள். வேறு எந்த மாதிரியும் தொடாமல் இதை மட்டும் செய்தாலே 127 வேலை நாட்கள் வேண்டும். உங்கள் மிஷின் ஏற்கெனவே தினசரி மாதிரிகளால் நிரம்பியிருக்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒன்று என்று வேண்டியிருக்கும் கார்ட்ரிட்ஜ் செலவு யார் தலையில் விழும்? பிபிடியில் அந்தப் பக்கம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அதே மிஷினை, நோய் 100-க்கு ஒருவருக்கு இருக்கும் கூட்டத்துக்குக் கொண்டுபோனால் (நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், சிறைவாசிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், சர்க்கரை நோயாளிகள் போன்றவர்களில் நோய் அதிகம்) 10,000 பேரில் 90 நோயாளிகள் கிடைப்பார்கள், சந்தேகப் பட்டியல் 2,070. ஏறத்தாழ அதே ஆய்வகச் சுமைக்கு மூன்று மடங்குக்கும் மேல் பலன். மிஷின் மாறவில்லை, யாரிடம் கொண்டுபோகிறோம் என்பது மட்டும் மாறியது. ஆக, இந்த முன்மொழிவை மதிப்பிடும்போது மிஷினின் விலையை விட, யாருக்கு எடுக்கப்போகிறோம் என்ற பட்டியலும் ஆய்வகத்தின் ஒரு நாள் கொள்ளளவும்தான் முக்கியமான காகிதங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. இந்த மென்பொருள்கள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மதிப்பெண் தரும். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் "சந்தேகம்" என்பது மாற்றக்கூடிய வரம்பு. வயதானவர்களிடமும், முன்பு காசநோய் வந்து தழும்பு உள்ளவர்களிடமும் தவறான எச்சரிக்கை கூடும். அந்த வரம்பை முடிவு செய்யும் அதிகாரம் துறையிடம் இருக்க வேண்டும், கம்பெனியிடம் இருக்கக்கூடாது. இதை எழுத்தில் வாங்குங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

டெங்கு டாஷ்போர்டைச் சோதிக்க ஒரு ரூபாய்கூட வேண்டாம். 2022 வரையிலான உங்கள் மாவட்டத் தரவை, பெயர் விவரங்களை நீக்கிவிட்டு, கம்பெனியிடம் கொடுங்கள். 2023, 2024-இல் எந்த வாரம் எந்த வட்டாரத்தில் கூடியிருக்கும் என்று சொல்லச் சொல்லுங்கள். உங்கள் அலுவலகத்தில் ஒருவரை உட்காரவைத்து, அதே வாரத்தின் முந்தைய ஐந்து வருட சராசரியை எடுத்து ஒரு சாதாரண எக்செல் கணிப்பும் தயார் செய்யுங்கள். எக்செல்லை விட எவ்வளவு மேல் என்பதுதான் அந்த மென்பொருளின் மதிப்பு. வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு கூடும் என்பது நமக்கே தெரியும், எந்தப் பேரூராட்சி, எந்த வாரம் என்று இரண்டு மூன்று வாரம் முன்னால் சொன்னால்தான் பயன்.

சரி, சொல்லிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்? வீடு வீடாகப் போய்த் தொட்டியில் கொசுப்புழு பார்ப்பது டிபிசி எனப்படும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள், அவர்களை வேலைக்கு வைத்திருப்பது உள்ளாட்சி அமைப்புகள். திரையில் சிவப்பு எரிந்தால் ஒரு பேரூராட்சியின் ஆட்களை இன்னொரு இடத்துக்கு அனுப்ப உத்தரவு போடுவது யார்? உங்கள் துறை போட முடியாது என்றால், அந்த உத்தரவுக்கான ஏற்பாடு முன்மொழிவின் பகுதியாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எச்சரிக்கை வந்தும் ஆட்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

இப்போது டேப்லெட். இதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. வெளியிலிருந்து பார்த்தால் இதுதான் மிக நியாயமான முன்மொழிவாகத் தெரியும், செலவில் ஏமாற்றுவதும் இதுதான். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொள்வது, உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள். டேப்லெட் ஒன்று 15,000 என்றால் 300-க்கு 45 லட்சம், செயலிக்கு 40 லட்சம், ஆக 85 லட்சம். குழு பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஐந்து வருடத்துக்கு சிம் கட்டணம் மாதம் 200 வீதம் 36 லட்சம். வருடத்துக்கு 45 டேப்லெட் உடைந்தாலோ தொலைந்தாலோ, முதல் வருடத்தை விட்டுவிட்டாலும் நான்கு வருடத்துக்கு 27 லட்சம். செயலிப் பராமரிப்பு வருடம் 20 சதவீதம், முதல் வருட உத்தரவாதம் போக 32 லட்சம். களத்தில் உதவ இரண்டு பேர், ஆளுக்கு 25,000 சம்பளம், 30 லட்சம். மேலே இன்னும் 125 லட்சம் வந்துவிட்டது. 85 லட்சம் என்று கையெழுத்துப் போட்ட திட்டம் இரண்டு கோடியே பத்து லட்சம். அதில் பெரும்பகுதி தொடர்செலவு, திட்ட நிதி முடிந்த பிறகு எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து அது வரும் என்று முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் வராத செலவு ஒன்று இருக்கிறது, செவிலியரின் நேரம். ஒரு கர்ப்பிணியின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி, மாநிலத்தின் கர்ப்பிணிப் பதிவுத் தளமான பிக்மியில் ஏற்றி, குழந்தை பிறந்ததும் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூவினில் ஏற்றும் செவிலியரிடம் நான்காவது வேலையாக ஒரு செயலியைக் கொடுக்கிறோம். ஒரு நாளைக்கு 20 நிமிடம் கூடுதல் என்றால் 300 பேருக்கு 100 மணி நேரம். தினமும் பன்னிரண்டு செவிலியர்களை ஊருக்குள் போகவிடாமல் உட்காரவைத்துத் தட்டச்சு செய்யச் சொல்வதற்குச் சமம். அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: புதுச் செயலி வந்தால் எந்தப் பதிவேடு நிற்கும்? அந்தப் பதிவேட்டை நிறுத்தும் உத்தரவின் வரைவு முன்மொழிவோடு இணைக்கப்படவில்லை என்றால், எவ்வளவு அழகான செயலியாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். குழு முடிவெடுக்கும் முன் இரண்டு செவிலியர்களைக் கூப்பிட்டு, சிக்னல் சரியாக இல்லாத ஒரு துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து, ஒரு தாயின் விவரத்தை முழுதாக ஏற்றச் சொல்லிப் பாருங்கள். மாநாட்டு அறை டெமோவில் தெரியாதது அங்கே அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

புதிதாகக் கட்டுவதுதான் வழி என்றும் இல்லை. இலங்கையில் 2020 ஜனவரியில், கொரோனா பரவத் தொடங்கிய நாட்களிலேயே, சுகாதார அமைச்சகம் விமான நிலையத்தில் வந்திறங்குபவர்களைக் கண்காணிக்க ஏற்கெனவே கையில் இருந்த டிஎச்ஐஎஸ்2 என்ற, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூலச் சுகாதாரத் தகவல் மென்பொருளையே நீட்டிப் பயன்படுத்தியது. ஓஸ்லோ பல்கலைக்கழகம் வழிநடத்தும் மென்பொருள் அது, அதைத் தெரிந்த ஆட்கள் உள்ளூரிலேயே இருந்தார்கள். வேறு பல நாடுகளும் பிறகு அதை எடுத்துக்கொண்டன. அதே போல எளிய கருவியும் பெரிய வேலை செய்யும். 2022-இல் தொடங்கிய தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டம், உயரம்-எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்ற ஐந்தை மட்டும் பார்த்து, தீவிர நிலையில் இருப்பவர்களை நோய் கண்டறிந்த உடனே பிரித்து மருத்துவமனையில் சேர்க்கிறது. எடை மிஷினும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் போதும். மூன்று முன்மொழிவுகளோடு, "இருப்பதைச் சரிசெய்தால் என்ன கிடைக்கும்" என்பதை நான்காவதாக ஒரு பக்கத்தில் எழுதி அதையும் மேசையில் வையுங்கள்.

தொழில்நுட்பப் பகுதியில் நீங்கள் விடாமல் கேட்க வேண்டியவை சிலதான். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் எப்படிப் போகும்? பெரிய கோளாறுகள் பெரும்பாலும் இரண்டு அமைப்புகள் சேரும் இடத்தில்தான் வருகின்றன. 2020-இல் இங்கிலாந்தின் பொது சுகாதார நிறுவனம் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா தொற்றுகளைக் கணக்கில் விட்டுவிட்டது. ஆய்வகங்களிலிருந்து வந்த தகவலை ஏற்றிய பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. அத்தனை பேரின் தொடர்புகளைத் தேடும் வேலை நாள்கணக்கில் தள்ளிப்போனது. அடுத்து, சர்வர் விழுந்தால் வேலை எப்படி நடக்கும்? 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மீது சைபர் தாக்குதல் நடந்தபோது கிட்டத்தட்ட இரண்டு வாரம் காகிதத்தில்தான் வேலை ஓடியது. அச்சடித்த படிவம் எங்கே இருக்கும், பிறகு அதை யார் ஏற்றுவார் என்பது வரை கேளுங்கள். கடைசியாக, தரவு யாருடையது? டெமோவிலேயே, உங்கள் கண் முன்னால், எல்லாப் பதிவுகளையும் சாதாரண கோப்பாக வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "அதற்குத் தனிக் கட்டணம்" என்றால் ஒப்பந்தம் முடியும் நாளில் உங்கள் மாவட்டத்தின் நோயாளித் தகவல் அவர்கள் பிடியில் இருக்கும் என்று அர்த்தம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொறுப்பு துறையின் மீதுதான் விழும், கம்பெனியைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. "முதல் வருடம் இலவசம்" என்று வரும் எதையும் இதே கேள்விகளோடு, இன்னும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

ஒரு நடைமுறை எச்சரிக்கை. உங்களிடம் இப்போது இருப்பது முன்மொழிவு, டெண்டர் இன்னும் விடவில்லை. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி மதிப்பீட்டு அளவுகோல்களை டெண்டர் ஆவணத்திலேயே சொல்லிவிட வேண்டும், கவர் பிரித்த பிறகு புதிதாகச் சேர்க்க முடியாது. மேலே சொன்ன நிபந்தனைகள் எல்லாம், அதாவது ஐந்து வருட மொத்தச் செலவு, தரவை வெளியே எடுக்கும் உரிமை, சிக்னல் இல்லாத இடத்தில் சோதனை, வரம்பை மாற்றும் அதிகாரம், இப்போதே எழுத்தில் போக வேண்டும். விவரக்குறிப்பை ஒரு கம்பெனி தயாராக எழுதிக்கொண்டு வந்து கொடுத்தால் அதை வாங்கி வைக்காதீர்கள். அவர்கள் பொருளுக்கு மட்டுமே பொருந்தும் ஏதாவது ஒரு வரி அதில் இருக்கும், பிறகு தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

என்னைக் கேட்டால்: எக்ஸ்ரேயை எடுங்கள், ஆபத்து அதிகமுள்ள குழுக்களுக்கு மட்டும், பரிசோதனைக் கொள்ளளவுக்கான பணத்தையும் அதே கோப்பில் சேர்த்து. டெங்கு கணிப்பைப் பழைய தரவில் சோதித்துவிட்டு, எக்செல்லை வென்றால் ஒரு பருவமழைக்கு இரண்டு வட்டாரங்களில் ஓட்டிப் பாருங்கள். டேப்லெட் முன்மொழிவை, எந்தப் பதிவேடு நிற்கும் என்ற கேள்வியோடு திருப்பி அனுப்புங்கள். குழுவில் மற்றவர்கள் உடன்படவில்லை என்றாலும், எந்தக் கேள்விக்கு எந்தக் கம்பெனி பதில் தரவில்லை என்பதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள், அடுத்த வருடம் அதே முன்மொழிவு வேறு பெயரில் வரும்போது உங்கள் இடத்தில் இருப்பவருக்கு அது தேவைப்படும்.