ஒரோமியாவில் பஞ்சம் வந்த வழி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கிழக்கு ஆப்பிரிக்க வேளாண்மை வரலாற்றை நெடுநாளாகப் படித்து வருபவர்கள் இந்த இதழின் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள்.

எத்தியோப்பியாவின் தென்பகுதி காப்பி விளையும் பசுமையான பூமி என்கிறார்கள். அங்கே இருக்கும் ஒரோமோ மக்கள் எப்படிப் பட்டினி கிடந்திருக்க முடியும்?
– வாசகர், தேனி

எத்தியோப்பியாவின் மிகப் பெரிய இனம் ஒரோமோ; அவர்கள் வாழும் நிலம் ஒரோமியா. நாட்டு மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்நிலத்தின் வட்டாரங்களான அர்சியிலும் பாலேயிலும் கோதுமையும் வாற்கோதுமையும் விளைகின்றன. ஹரார்கேயில் சோளமும் காப்பியும், ஜிம்மாவிலும் வொலேகாவிலும் காப்பி, தெற்கே பொரானாவில் மாடு. நீங்கள் சொல்வதுபோல வளமான நாடுதான். தமிழில் வறட்சி வேறு, பஞ்சம் வேறு என்று சொல்வதைப்போல ஒரோமோ மொழியிலும் மழையில்லாத நிலைக்கு 'ஹொங்கே', பட்டினிக்கு 'பேலா' என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. ஹொங்கே வானத்தால் வருவது. அது பேலாவாக மாறுமா என்பதை நிலம் யாருடையது, களத்துத் தானியத்தை யார் அள்ளுகிறார்கள், பிழைக்க வெளியூர் போக அனுமதி உண்டா என்ற மூன்றும் முடிவு செய்கின்றன. ஒரோமோ மக்களிடமிருந்து இந்த மூன்றையும் வெவ்வேறு ஆட்சிகள் வெவ்வேறு காலத்தில் பறித்தன.

1888-ல் தொடங்கிய பெரும்பஞ்சத்துக்கு இந்திய மாடுகள் காரணம் என்று படித்தேன். அப்படியானால் அதில் அரசியல் எங்கே?
– வாசகர், ஈரோடு

மாடுகளின் கதை பரவலாக ஏற்கப்பட்டதுதான். 1887-ல் இத்தாலியப் படைக்காக மஸ்ஸாவா துறைமுகத்தில் இறக்கிய இந்திய மாடுகளோடு வெக்கை நோய் உள்ளே வந்தது. நாட்டின் மாடுகளில் பத்துக்கு ஒன்பது செத்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஏர் பூட்ட இரண்டு மாடு வேண்டும். மாடு போனதும் வயல் தரிசானது, கூடவே வறட்சி, வெட்டுக்கிளி, எலி. 1892 வரை நீண்ட அந்த ஆண்டுகளை அம்ஹாரிக் மொழியில் 'கிஃபு கென்', கெட்ட நாட்கள் என்கிறார்கள். மக்களில் மூன்றில் ஒரு பங்கு மடிந்திருக்கலாம் என்றும் ஒரு மதிப்பீடு உண்டு.

நோய் வந்த நேரத்தைக் கவனியுங்கள். நாட்டின் நடுப்பகுதியான ஷேவாவின் அரசர் மெனெலிக் அப்போது ஒரோமோ நாடுகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பல ஆண்டுப் போருக்குப் பின் 1886-ல் அர்சி வீழ்ந்தது, 1887 ஜனவரியில் ஹரார் வீழ்ந்தது. அந்தப் படைக்குச் சம்பளமும் கிடையாது, பின்னால் வரும் உணவு வண்டியும் கிடையாது. போகும் ஊரின் தானியமும் மாடும்தான் அதன் கூலி. வடக்கே மாடு செத்தபின், தெற்கின் மந்தைகளைக் கொண்டுவந்து இழப்பை ஈடுகட்டும் வேகமும் அந்தப் படையெடுப்புகளில் சேர்ந்துகொண்டது.

பிடித்த ஊர்களில் குடியமர்த்திய துப்பாக்கி வீரர்களுக்கு ('நெஃப்தெஞ்ஞா') சம்பளமாகக் குடும்பங்களையே கொடுத்தார்கள். தர வரிசைக்கு ஏற்ப ஒருவருக்குச் சில வீடுகள், ஒருவருக்குப் பல வீடுகள். 'கப்பார்' எனப்பட்ட அந்தக் குடும்பங்கள் தானியம் அளக்க வேண்டும், மாவு அரைக்க வேண்டும், விறகும் தேனும் சுமக்க வேண்டும், வேலி கட்டித் தர வேண்டும். மாடு செத்த ஆண்டிலும் இந்தக் கடமை குறையவில்லை. நோய் கால்நடையைக் கொன்றது. மிஞ்சியதை வைத்து மீண்டெழும் வழியை அடைத்தது கப்பார் முறை.

பேரரசர் காலத்தில் நிலம் யாரிடம் இருந்தது? 1973 பஞ்சத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

'கலாத்' என்ற கயிற்றால் தெற்கு நிலங்களை அளந்து, ஒரு பங்கை (பெரும்பாலும் மூன்றில் ஒன்று) உள்ளூர்த் தலைவர்களுக்கு விட்டு, மீதியை அரசும் திருச்சபையும் படையினரும் எடுத்துக்கொண்டார்கள். சொந்த மண்ணிலேயே ஒரோமோ உழவர் வாரக்குடி ஆனார். மேல்வாரம் விளைச்சலில் பாதி, சில இடங்களில் அதற்கும் மேல். அதோடு 'அஸ்ராத்' என்ற பத்திலொரு பங்கு வரி, அதையும் பல இடங்களில் குடியின் தலையிலேயே கட்டினார்கள்.

தஞ்சை வாசகருக்குப் புரியும்படி ஒன்று சொல்ல வேண்டும். 1967-ல் அர்சியின் சிலாலோ பகுதியில் சுவீடன் உதவியோடு வேளாண் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நல்ல விதை, உரம், கடன் எல்லாம் வந்தன. விளைச்சல் கூடியதும் நிலத்தின் மதிப்பு கூடியது, நிலக்கிழார்கள் டிராக்டர் வாங்கி வாரக்குடிகளை வெளியேற்றினார்கள். மாவட்டத்தில் கோதுமை பெருகியது. அதை உழுதவர்களின் வீட்டில் அது இல்லை. குத்தகைப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்திருந்தால் அதே விதையும் உரமும் வேறு பலன் தந்திருக்கும்.

1973-ல் அதிகம் அடிபட்டது வடகிழக்கில் உள்ள வொல்லோ. அங்கே அம்ஹாரா, அஃபார் மக்களோடு ஒரோமோக்களும் வாழ்கிறார்கள். அந்த ஆண்டு நாட்டின் மொத்த உணவு விளைச்சல் பெரிதாக விழவில்லை, வொல்லோவிலிருந்து வெளியே தானியம் போய்க்கொண்டும் இருந்தது என்று அமர்த்தியா சென் கணக்குப் போட்டுக் காட்டினார். விளைச்சலை இழந்தவர் கையில் வாங்கக் காசில்லை, காசில்லாத ஊருக்குத் தானியம் வராது. பேரரசர் ஹைலே செலாசியின் அரசு செய்தியை மறைத்தது. அக்டோபரில் பிரிட்டிஷ் தொலைக்காட்சி காட்டிய பிறகே உலகத்துக்குத் தெரிந்தது. 1974 செப்டம்பர் 12 அன்று பேரரசர் பதவி இழந்தார்.

1975-ல் புரட்சி அரசு நிலத்தை உழவருக்கே கொடுத்துவிட்டதே. அதன் பிறகும் பத்தே ஆண்டில் ஏன் பஞ்சம்?
– வாசகர், திருவாரூர்

1975 மார்ச் 4 அன்று டெர்க் ராணுவ அரசு வெளியிட்ட நிலச் சட்டம் உண்மையிலேயே பெரிய செயல். நிலக்கிழாரும் வாரமும் ஒரே நாளில் ஒழிந்தன, ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு 10 ஹெக்டேர். ஒரோமோ உழவர்கள் கொண்டாடினார்கள். அதே அரசு அடுத்த பத்தாண்டில் செய்தவை அந்த நன்மையைத் தின்றுவிட்டன.

முதலில் கொள்முதல். 1976-ல் வந்த வேளாண் விற்பனைக் கழகம் ஒவ்வோர் உழவர் சங்கத்துக்கும் கட்டாய அளவு விதித்தது. விலையை அரசு வைத்தது, அது சந்தை விலையைவிட வெகுவாகத் தாழ்ந்தது. ஓர் உதாரணக் கணக்கு: உங்கள் பங்கு 2 குவிண்டால், வயல் தந்தது 1 குவிண்டால் என்று வையுங்கள். குறையும் ஒன்றைச் சந்தை விலைக்கு வாங்கி, அதில் பாதி விலைக்கு அரசிடம் அளக்க வேண்டும். காசுக்கு மாட்டை விற்க வேண்டும். ஜோடியில் ஒரு மாடு போனால் அடுத்த பருவம் ஏர் பூட்ட முடியாது. இப்படி ஒரு வருடத்துக் குறைவிளைச்சல் மூன்று வருட ஏழ்மையாக நீண்டது.

அடுத்தது நடமாட்டம். கூலிக்கு ஆள் வைப்பதை நிலச் சட்டம் தடை செய்தது. சுரண்டலை நிறுத்தும் நோக்கம்தான். ஆனால் வறண்ட மேட்டுநிலத்தார் காப்பி அறுவடைக்குத் தென்மேற்கே போய்ச் சம்பாதித்துவரும் பழைய வழி அதனால் அடைபட்டது. வட்டாரங்களுக்கு இடையே தனியார் தானியம் கொண்டுபோகவும் சோதனைச் சாவடிகள் தடையாக நின்றன.

மூன்றாவது, வீட்டையே பெயர்த்தது. பாலேயில் சோமாலியாவோடு நடந்த ஒகாடன் போருக்குப் பின்னும், ஹரார்கேயில் 1984 இறுதியிலிருந்தும், பிறகு அர்சியிலும் ஷேவாவிலும் சிதறி வாழ்ந்த குடிகளை வரிசை வீடுகள் கொண்ட பெரிய கிராமங்களாகத் திரட்டினார்கள். பள்ளி, குழாய், மருத்துவமனை எல்லாம் எளிதாகத் தரலாம் என்பது சொன்ன காரணம். ஒரோமோ விடுதலை முன்னணியின் கெரில்லாக்களுக்குச் சோறு கிடைக்காமல் செய்வது அதோடு ஒட்டியிருந்த காரணம். ஹரார்கேயின் வேளாண்மை வீட்டை ஒட்டியது. பழுக்கும் சோளத்தைப் பறவைகளிடமிருந்தும் குரங்குகளிடமிருந்தும் நாள் முழுக்கக் காக்க வேண்டும். காப்பிக்கும் சாத் செடிக்கும் (அதன் இலையைக் கிளர்ச்சிக்காக மெல்லுவார்கள்) வீட்டு எரு வேண்டும். தானியம் வீட்டருகே மண்ணுக்குள் வெட்டிய குழிகளில் இருக்கும். வயலுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் நடக்க வேண்டி வந்ததும் காவல் போனது, எரு போனது, குழியும் கைவிட்டுப் போனது. நெருக்கிக் கட்டிய இடத்தில் மந்தைக்கு மேய்ச்சல் இல்லை. 1986 தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி வடமேற்குச் சோமாலியாவின் துக் வஜாலே முகாமில் வந்து விழுந்தார்கள். வறட்சியைவிட இந்தக் குடியேற்றத்துக்குத் தப்பியே வந்ததாக அவர்கள் சொன்னார்கள்.

இதே காலத்தில் வடக்கிலிருந்து சுமார் 6 லட்சம் பேரைத் தென்மேற்கே, வொலேகா, இலுபாபோர் போன்ற ஒரோமோ நிலங்களுக்கும் கொண்டுவந்தார்கள். பலரைத் துப்பாக்கி முனையில். மேட்டுநிலத்து உடம்பு மலேரியாவையும், உழவு மாடு செட்சி ஈ நோயையும் தாங்கவில்லை. குறைந்தது 50,000 பேர் இதில் இறந்தார்கள் என்று மனித உரிமை ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். வந்தவர்களுக்குக் குடிசை கட்டவும் தானியம் தரவும் உள்ளூர் ஒரோமோக்களை அரசு கட்டாயப்படுத்தியது. இதைக் கண்டித்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு 1985 டிசம்பரில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது.

அப்படியானால் பஞ்சத்தால் ஒரோமோக்கள்தான் அதிகம் செத்தார்களா?
– வாசகர், யாழ்ப்பாணம்

இல்லை. 1984–85-ல் மிகுதியான சாவு வொல்லோவிலும் திக்ரேயிலும்தான். அம்ஹாரா, திக்ரே ஏழைகளும் அதே அரசுகளால் நசுக்கப்பட்டவர்கள். ஒரோமோக்களுக்கு நடந்ததைப் பேசும்போது இந்த ஏழைகளை எதிரியாக்கிப் பேசக் கூடாது.

மேய்ச்சல் நிலம் பரந்து கிடக்கிறது. அதில் ஒரு துண்டை ஆலைக்கோ பூங்காவுக்கோ எடுத்தால் என்ன நட்டம்?
– வாசகர், கோவை

மேய்ச்சல்காரருக்கு எல்லா ஏக்கரும் ஒரே ஏக்கர் அல்ல. அவாஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கர்ரயூ ஒரோமோக்கள் மழைக் காலத்தில் மேட்டிலும் கோடையில் ஆற்றங்கரையிலும் மேய்த்தார்கள். 1960-களில் ஆற்றங்கரையின் ஒரு பகுதி டச்சு நிறுவனம் நடத்திய மெதஹாரா சர்க்கரைத் தோட்டத்துக்குப் போனது, இன்னொரு பகுதி அவாஷ் தேசியப் பூங்காவுக்குப் போனது. பரப்பில் அது சிறு பங்காக இருக்கலாம். கோடைக்கு அதுவே உயிர். அதை எடுத்தால் மீதி மேய்ச்சலும் பாதி பயனற்றதாகிவிடும். பக்கத்து உவர் ஏரியான பெசெகா 1950-களில் சுமார் 3 சதுர கிலோமீட்டராக இருந்தது, இப்போது 40-ஐத் தாண்டி மேய்ச்சலை விழுங்கியிருக்கிறது. தோட்டங்களின் பாசனக் கசிவும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

பொரானாவில் 'தூலா' எனும் ஆழ்கிணறுகள் உண்டு. ஆட்கள் படிபடியாக நின்று வாளியைக் கைமாற்றித் தண்ணீர் ஏற்றுவார்கள். யார் மாடு எந்த நாள் குடிக்கும் என்ற முறையை 'அப்பா ஹெரேகா' என்ற பொறுப்பாளர் நடத்துவார். மேய்ச்சலைச் சீராக்க அவ்வப்போது புல்லுக்குத் தீ வைப்பதும் அவர்கள் வழக்கம். 1970-களில் அரசு தீயைத் தடை செய்தது, முட்புதர் பெருகிப் புல் குறைந்தது. பிறகு பண்ணைகளுக்கு வேலி போட்டார்கள். 1991-க்குப் பின் மாநில எல்லை வரைந்தபோது சில கிணறுகள் அடுத்த மாநிலத்தின் பக்கம் போயின. 2020 இறுதியிலிருந்து 2022 வரை தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தபோது, முன்பு மந்தையை ஓட்டிக்கொண்டு போன வழிகள் பல இல்லாமலே போயிருந்தன.

இன்று செய்தியில் 'பஞ்சம்' என்று வந்தால் எதைப் பார்த்துப் புரிந்துகொள்வது?
– வாசகர், சென்னை

பன்னாட்டு உணவுப் பாதுகாப்பு வகைப்பாட்டில் ஐந்து படிகள் உண்டு. ஐந்தாவதான பஞ்சத்தை அறிவிக்க மூன்று அளவுகள் வேண்டும்: ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவே இல்லை என்ற நிலை, குழந்தைகளில் 30 சதவீதத்துக்குக் கடும் ஊட்டக்குறைவு, நாளொன்றுக்கு 10,000 பேருக்கு 2 சாவு. இவற்றை அளக்க ஆள் உள்ளே போக வேண்டும். 2021 ஜூனில் திக்ரேயில் 3.5 லட்சம் பேர் ஐந்தாம் படியில் இருப்பதாகக் கணக்கு வந்தபோது எத்தியோப்பிய அரசு அதை ஏற்கவில்லை. ஆகவே 'அறிவிக்கப்படவில்லை' என்ற செய்தியை 'பஞ்சம் இல்லை' என்று படிக்காதீர்கள்.

ஒரு வெள்ளாட்டை விற்றால் எத்தனை கிலோ மக்காச்சோளம் கிடைக்கிறது என்று கேளுங்கள். அது பாதியாகக் குறைந்தால் பட்டினி நெருங்குகிறது என்று பொருள். சாலை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். வொலேகாவில் 2018 இறுதியிலிருந்து நடக்கும் ஆயுத மோதலில் நல்ல மழை பெய்த ஆண்டுகளிலும் விதைக்கவும் அறுக்கவும் முடியாத ஊர்கள் உண்டு. உதவிப் பட்டியலை எழுதுபவர் யார் என்று கேளுங்கள். 2005-ல் தொடங்கிய பாதுகாப்பு வலைத் திட்டத்தில் மாதம் 5 நாள் பொதுவேலைக்கு ஒருவருக்கு 15 கிலோ தானியம் என்பது கணக்கு. பெயரைச் சேர்ப்பது கெபெலே எனும் அடிநிலை நிர்வாகம். எதிர்க்கட்சிக்காரர்களின் பெயரை அது சேர்க்காமல் விடுகிறது என்று 2010-ல் மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்தது. 2023 ஜூனில் தானியம் திருட்டுப்போவதாகச் சொல்லி அமெரிக்க உதவி நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் நாடு முழுவதும் விநியோகத்தை நிறுத்தின. பொரானா மக்கள் ஐந்து பருவ வறட்சியிலிருந்து இன்னும் எழாத மாதங்கள் அவை.

அரசு கைவிட்டபோது ஒரோமோக்களிடம் சொந்த ஏற்பாடு ஏதும் இல்லையா?
– வாசகர், திருச்சி

உண்டு. 'பூசா கோனோஃபா' என்று பெயர். மாடு இழந்த குடும்பத்துக்கு அந்தக் குலத்தார் ஆளுக்கொரு மாடாகத் தந்து மந்தையை மறுபடி கட்டிக்கொடுப்பார்கள். யாருக்கு எத்தனை என்பதைக் குலக்கூட்டம் உட்கார்ந்து முடிவு செய்யும். நோய் வந்தோ, கொள்ளை போயோ சில வீடுகள் இழக்கும்போது இது அருமையாக வேலை செய்கிறது. 2022-ல் ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலும் மாடு செத்தது. கொடுக்க வேண்டியவர்களும் நிவாரண வரிசையில் நின்றிருந்தார்கள்.