வாசகர் கேள்வி–பதில்: நீண்ட கோடைப் பகல்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோடை விடுமுறையைப் பற்றியவை. வயலும் தோப்பும் சூழ்ந்த இடங்களில் வாழும் குடும்பங்கள் எழுதியவற்றிலிருந்து ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்களுடையது விவசாயக் குடும்பம். ஒன்பது வயதிலும் பதின்மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்தில் நூலகமோ பயிற்சி வகுப்போ கிடையாது. விடுமுறை முழுவதும் கைபேசியிலேயே கழிந்துவிடுமோ என்று பயந்து, மணிக்கொரு வேலை என்று அட்டவணை எழுதி ஒட்டினேன். நான்காம் நாளிலிருந்து அது சுவருக்கு அலங்காரமாக மட்டுமே இருக்கிறது. வேறு என்ன செய்யலாம்?

பதில்: பள்ளி மணியிடமிருந்து இப்போதுதான் தப்பித்து வந்த பிள்ளைகளுக்கு வீட்டிலும் ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட்டால், அவர்கள் அதைக் கேளாதவர்கள் போல இருந்துவிடுவது இயல்புதான். கிராமத்துப் பகலுக்கென்று ஏற்கெனவே ஓர் அட்டவணை உண்டு: வெயில் ஏறுவதற்கு முன் வெளியே, உச்சிப்பொழுதில் நிழலில், வெயில் தாழ்ந்த பின் மறுபடியும் வெளியே. அதை மாற்ற வேண்டாம். இந்த மூன்று பொழுதுகளையும் ஒன்றோடொன்று கோக்கும் ஒரு பொருளை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். என் தேர்வு, அவர்களே தைத்துக்கொள்ளும் ஒரு குறிப்பேடு.

ஏ4 தாள்கள் ஆறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாதியாக மடித்தால் இருபத்து நான்கு பக்கங்கள் கிடைக்கும். சற்றுத் தடித்த தாள் ஒன்றை மேலுறையாகச் சேர்த்துக்கொண்டு, மடிப்பின் மேல் நடுவில் ஒன்றும், இரு முனைகளிலிருந்தும் மூன்று விரல் தள்ளி ஒவ்வொன்றுமாக மூன்று துளைகள் இடுங்கள். மடிப்பின் நீளத்தைப் போல இரண்டரை மடங்கு நூல் போதும். அதை மெழுகில் ஒரு முறை இழுத்துவிட்டால் சிக்காது. ஊசியை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே எடுத்து, மேல்துளை வழியாக உள்ளே விட்டு, நடுத்துளையைத் தாண்டி உட்புறமாகவே கீழ்த்துளைக்குப் போய் வெளியே வந்து, மீண்டும் நடுத்துளை வழியாக உள்ளே திரும்ப வேண்டும். உள்ளே நீளமாக ஓடும் நூலின் இருபுறமும் இப்போது ஒவ்வொரு நுனி நிற்கும். நூலை நடுவில் வைத்து அவற்றை முடிச்சிட்டால் வேலை முடிந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை இதை ஒரு முறை பார்த்தால் செய்துவிடும். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் துளையிடும்போது மட்டும் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால் போதும்.

கடையில் வாங்கிய அழகான ஏட்டைப் பல பிள்ளைகள் கெடுத்துவிடுவோமோ என்ற தயக்கத்திலேயே வெறுமையாக வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். தான் தைத்த ஏட்டில் அந்தத் தயக்கம் இருப்பதில்லை. தீர்ந்தால் இன்னொன்றைத் தைத்துக்கொள்ளலாம். காலையில் கண்ட பறவை, எறும்புகள் தடம் மாறிய இடம், முதல் மழைக்குப் பின் முளைத்தது எது என்பவற்றை நாளும் நேரமும் இட்டு எழுதட்டும். தண்ணீர் பட்டால் பல பேனா மைகள் கரைந்து ஓடிவிடும் என்பதால் பென்சிலே நல்லது. ஓவியம் சரியாக வந்திருக்கிறதா என்று நீங்கள் பார்க்க வேண்டாம். இறக்கையில் எத்தனை பட்டைகள் இருந்தன என்று மட்டும் கேளுங்கள். மறுநாள் அந்தப் பிள்ளை எண்ணிப் பார்க்கப் போகும். கைபேசியைப் பற்றித் தனியாகச் சண்டையிடத் தேவையில்லை. நீங்களும் உச்சிப்பொழுதில் அதை எடுக்காமல் ஏதேனும் ஒரு கைவேலையோடு அவர்களருகில் உட்கார்ந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கேள்வி: பதினோரு வயதுப் பேரன் விடுமுறைக்கு என்னிடம் வந்திருக்கிறான். ஓடுவான், மரமேறுவான், ஆனால் புத்தகத்தைத் தொடமாட்டான். தினமும் பத்துப் பக்கம் படித்தால்தான் விளையாட விடுவேன் என்று சொல்லிப் பார்த்தேன். இப்போது புத்தகத்தைக் கண்டாலே முகம் சுளிக்கிறான். நான் செய்தது தவறா?

பதில்: தவறுதான், அம்மா. ஆனால் நல்ல எண்ணத்தில் செய்த தவறு என்பதால் எளிதில் திருத்திவிடலாம். விளையாட்டைப் பரிசாக வைத்தவுடன், படிப்பு அந்தப் பரிசுக்காகச் செலுத்த வேண்டிய வரியாகிவிட்டது. வரியை விரும்பிக் கட்டுபவர் உலகில் குறைவு.

பத்துப் பக்கக் கணக்கை இன்றே கைவிட்டு, அவனுக்கு நீங்கள் படித்துக் காட்டுங்கள். தானாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எதற்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணால் தட்டுத்தடுமாறிப் படிக்கக்கூடிய நடையைவிடக் கடினமான நடையைப் பிள்ளைகள் காதால் கேட்டு எளிதாகப் புரிந்துகொள்வார்கள்; ஆகவே கேட்கும்போது அவன் வயதுக்குச் சற்று மேலான கதையையும் தயங்காமல் எடுக்கலாம். உச்சிவெயிலில் எப்படியும் அவன் உள்ளேதான் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் இருபது நிமிடம் போதும். அவன் கை சும்மா இருக்க வேண்டியதில்லை. கயிறு திரித்துக்கொண்டோ, குச்சியைச் சீவிக்கொண்டோ கேட்கட்டும். கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, புத்தகத்தை அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். இது கொஞ்சம் தந்திரம்தான். பாட்டிகளுக்கு அதில் உரிமை உண்டு.

அவன் தானாக ஒன்றை எடுக்கும் நாளில், அது அவனுக்குப் பொருந்துமா என்று அறிய ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஏதேனும் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்தப் புத்தகம் தற்போதைக்கு நீங்கள் படித்துக் காட்ட வேண்டியது. மரமேறும் பையனுக்குக் கதைப் புத்தகம்தான் வேண்டும் என்பதும் இல்லை. முடிச்சுகள் போடும் முறை, பூச்சிகளை இனங்காணும் கையேடு, பட்டம் செய்யும் குறிப்பு ஆகியவையும் வாசிப்புதான். படித்தது சரியாகப் புரிந்ததா என்பதை அங்கே ஆசிரியர் சொல்ல வேண்டாம், பட்டமே சொல்லிவிடும். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விட்டுவிட அவனுக்கு அனுமதி கொடுங்கள். பெரியவர்களான நாம் அதைத்தானே செய்கிறோம்?

கேள்வி: எனக்குப் பன்னிரண்டு வயது. பூக்களையும் இலைகளையும் புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்தேன். சில கறுத்துவிட்டன, சிலவற்றில் பூஞ்சை பிடித்துவிட்டது, புத்தகமும் பாழானது. எப்படிச் சரியாகச் செய்வது?

பதில்: ஈரம் போக வழியில்லாததால்தான் இப்படி ஆயிற்று. பனி உலர்ந்த பிறகு, மழை பெய்யாத நாளில் பறித்துக்கொள். பளபளப்பான தாள் ஈரத்தை உறிஞ்சாது. பழைய செய்தித்தாளே இதற்குச் சிறந்தது. அதன் மடிப்புக்குள் செடியைப் பரப்பி, இலைகளில் ஒன்றிரண்டைப் பின்புறம் தெரியுமாறு திருப்பிவைத்து, மேலும் கீழும் இன்னும் சில தாள்களை அடுக்கி, இரண்டு பலகைகளுக்கிடையே வைத்துக் கனமான கல்லை ஏற்று. முதல் நான்கைந்து நாட்களுக்குத் தினமும் மேலும் கீழுமுள்ள தாள்களை மாற்ற வேண்டும். உன் முயற்சி தோற்றது இந்த ஒரு படியில்தான் என்று நினைக்கிறேன். தடித்த பூவாக இருந்தால் நெடுக்காக இரண்டாகப் பிளந்து வை. இரண்டு மூன்று வாரங்களில், தொட்டால் குளிர்ச்சி தெரியாமல் விறைப்பாக இருக்கும்போது எடுத்துவிடலாம்.

ஒட்டிய பிறகு, எங்கே, எந்த நாளில், எத்தகைய மண்ணில், எவ்வளவு உயரமாக நின்ற செடி என்பதைக் கீழே எழுது. பூவின் நிறத்தையும் பறித்த அன்றே எழுதிவிடு, ஏனெனில் காய்ந்தபின் அது மாறிவிடும். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த லூக்கா கினி என்ற மருத்துவர்தான் இப்படிச் செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் வழக்கத்தைத் தொடங்கியவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். இன்றும் தாவரவியலாளர்கள் உலர்தாவரத் தொகுப்புகளை ஏறக்குறைய அதே முறையில்தான் சேர்க்கிறார்கள். குறிப்பு எழுதாத செடி அவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது. பறிப்பதற்கு முன் சுற்றிலும் பார்: அதே செடி இருபதாவது இருந்தால் ஒன்றை எடு, இல்லாவிட்டால் வரைந்துகொள்.

உலர்ந்த இலை கைவசம் இருந்தால் வெயிலையே அச்சுக்காரராக்கலாம். 1842-இல் ஜான் ஹெர்ஷல், இரும்பு உப்புகள் பூசிய தாள் வெயில் பட்டால் நீலமாக மாறுவதைப் பயன்படுத்தி நீலப்படி முறையை உருவாக்கினார். மறு ஆண்டே ஆனா அட்கின்ஸ் என்ற பெண்மணி, கடற்பாசிகளைத் தாளின்மேல் நேரடியாக வைத்து அச்சிட்டு, ஒளிப்படங்களால் ஆன நூல் ஒன்றை வெளியிடத் தொடங்கினார். அந்த உப்புகள் உனக்கு எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் பெரியவர் துணை வேண்டும். அதற்குப் பதிலாக, விரைவில் வெளுத்துவிடும் மலிவான வண்ணத்தாளின் மேல் இலையை வைத்து, மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைத்துச் சில நாட்கள் வெயிலில் விடு. சுற்றிலும் வெளுத்து, இலையின் உருவம் மட்டும் பழைய நிறத்தில் நிற்கும். கண்ணாடியின் ஓரங்களில் ஒட்டுநாடா ஒட்டிக்கொள்ள மறக்காதே.

கேள்வி: பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள் என்று எழுதிவிடுகிறீர்கள். பாம்பு, நீர்நிலை, வெயில், இடி இவற்றையெல்லாம் யார் பார்ப்பது?

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது, ஆனால் பயத்தைப் பொதுவாகச் சொல்லாமல் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னால்தான் பிள்ளைகள் கேட்பார்கள். நீர்நிலைக்குப் பெரியவர் இல்லாமல் போகக்கூடாது என்பதில் விலக்கே வேண்டாம். புதரிலும் கற்குவியலிலும் பார்வை போகாத இடத்தில் கை போகக்கூடாது. பாம்பு கடித்துவிட்டால் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வெயிலில் தலைவலியோ கிறுகிறுப்போ வந்தால் நிழலும் தண்ணீரும் போதும். ஆனால் உடல் கொதித்து, பேச்சு குழறி, மனம் தடுமாறினால் அது உயிருக்கு ஆபத்து என்பதால், உடலைத் தண்ணீரால் குளிர்வித்துக்கொண்டே மருத்துவ உதவியை நாடுங்கள். இடிச்சத்தம் காதில் விழுந்தால் உள்ளே வந்துவிட வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே போகக்கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நேரத்தில் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணுவதை, உள்ளே வந்த பிறகு விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் கணவர், விடுமுறையில் அடுத்த ஆண்டுப் பாடத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்கிறார். பத்து வயது மகளோ முற்றத்தில் குச்சி நட்டு நிழல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இது நேர விரயம் என்பது அவர் கட்சி. நீங்கள் யார் கட்சி?

பதில்: நான் குச்சியின் கட்சி. உங்கள் மகள் தொடங்கியிருப்பது வானியலின் மிகப் பழைய சோதனைகளுள் ஒன்று. அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்த உதவினால் அடுத்த ஆண்டுப் பாடத்தில் ஒரு பகுதி தானாகவே வந்துவிடும். ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சியைத் தூக்குக் குண்டு கட்டி நேராக நடச் சொல்லுங்கள். காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை, கால் மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியில் கூழாங்கல் ஒன்றை வைக்கட்டும். நிழல் மிகக் குட்டையாக விழுந்த கல்லையும் குச்சியின் அடியையும் இணைக்கும் கோடு வடக்கு-தெற்கு.

அந்த நேரத்தில் கடிகாரம் சரியாகப் பன்னிரண்டைக் காட்டாது என்பதை அவளே கண்டுபிடிப்பாள். கடிகாரம் ஒரு பெரும் பரப்புக்குப் பொதுவான நேரத்தைக் காட்டுகிறது. சூரியனோ தீர்க்கரேகையில் ஒரு பாகையைக் கடக்க நான்கு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல், பூமியின் பாதை முழு வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், நிழற்கடிகாரம் நவம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ பதினாறு நிமிடம் முந்தியும் பிப்ரவரி நடுவில் பதினான்கு நிமிடம் பிந்தியும் ஓடும். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் வாழ்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு: ஆண்டில் இரண்டு நாட்கள் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், நண்பகலில் குச்சிக்கு நிழலே இருக்காது.

கணவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். மகள் கல் வைக்கும் ஒவ்வொரு முறையும் நிழலின் நீளத்தை அளந்து ஏட்டில் எழுதும் பொறுப்பை அவர் ஏற்கட்டும். குச்சியின் நீளத்தையும் நிழலின் நீளத்தையும் வைத்து ஒரு முக்கோணத்தை அளவுப்படி தாளில் வரைந்தால், சூரியன் எத்தனை பாகை உயரத்தில் நின்றது என்பதைக் கோணமானியால் அளந்துவிடலாம். அந்தக் கோணமானி எப்படியும் அவளுடைய பள்ளிப்பையில்தான் இருக்கும்; எடுத்து வரச் சொல்லி அவரையே அனுப்புங்கள்.