டி4 முதுகுத்தண்டுக் காயம்: வீல்சேரில் இருப்பவருக்குத் தோள்வலி ஏன்?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. விபத்தில் டி4 மட்டத்தில் (மார்புப் பகுதியின் நான்காவது முதுகெலும்பு) முதுகுத்தண்டு அடிபட்டு, மூன்று ஆண்டுகளாக வீல்சேரில் இருக்கிறார். தினமும் டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்குகிறார். இப்போது இரண்டு தோளும் வலிக்கின்றன. பயிற்சியை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், மாற்றுங்கள். சக்கரம் தள்ளவும் கட்டிலுக்கு மாறவும் முன்தோளும் நெஞ்சும் நாள் முழுக்க உழைக்கின்றன. டம்பெல்லும் முன்தோளையே மறுபடி வாட்டுகிறது. முதுகுப் பக்கத் தசைகள் பலமில்லாமல் போனால் தோள் முன்னால் சரிந்து, உள்ளே தசைநாண் நசுங்கும். வலி அடங்கும்வரை தலைக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம். இழுக்கும் பயிற்சிதான் தேவை.

ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள். பிரேக் போட்டு, நெஞ்சைச் சுற்றி நாற்காலியோடு பெல்ட் கட்டுங்கள். டி4 காயத்தில் வயிற்றுத் தசை தாங்காது, இழுக்கும்போது உடம்பு முன்னால் சாய்ந்துவிடும். முழங்கைகளைப் பின்னால் இழுத்து 2 விநாடி நிறுத்தி, மெதுவாக விடவும். அடுத்து, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே சுருட்டிய துண்டை வைத்து, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பவும். ஒவ்வொன்றும் 10 முறை, 3 சுற்று, வாரம் 2 நாள். கடைசி இரண்டு முறை சிரமப்பட வேண்டும். தோள் காதை நோக்கி எழும்பினால் பேண்ட் கடினம், இளகியதை எடுங்கள்.

மூச்சுக்கும் இதயத்துக்கும் கை சைக்கிள், 20 நிமிடம், வாரம் 2 நாள். நாடித்துடிப்பை நம்ப வேண்டாம். இந்த மட்டத்துக் காயத்தில் இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுவே அளவு. காயத்துக்குக் கீழே வியர்க்காததால் உடல் சட்டென்று சூடேறும். கழுத்தில் ஈரத்துண்டு இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள். திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகச்சிவப்பு, நெற்றி வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள். டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு இது உயிராபத்து. படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, உடையையும் பெல்ட்டையும் தளர்த்தி, சிறுநீர் வெளியேறக் குழாய் (கதீட்டர்) பொருத்தியிருந்தால் அது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பையே காரணம். ஆகவே பயிற்சிக்கு முன் அதைக் காலிசெய்வது கட்டாயம். சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

நாற்காலியையும் பாருங்கள். கையைச் சக்கர வளையத்தின் உச்சியில் வைக்கும்போது முழங்கைக் கோணம் 100 முதல் 120 டிகிரி இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் இருக்கை உயரத்தை மாற்றச் சொல்லுங்கள். இரவில் வலி எழுப்பினாலோ, கை தூக்கவே முடியாவிட்டாலோ மறுவாழ்வு மருத்துவரிடம் காட்டித் தோளை ஸ்கேன் செய்ய வேண்டும்.