ரெசிடென்சி விருப்பப் பட்டியலில் எந்த மருத்துவமனையை மேலே போடுவது?

சார், நீங்கள் மஞ்சக்குப்பம் வரைக்கும் வந்து கொடுத்துவிட்டுப் போன தாளை மறுபடி பார்த்தேன். உங்கள் பாப்பா அமெரிக்காவில் நேர்காணலுக்குப் போய்வந்த இரண்டு மருத்துவமனைகளுக்கும் நீங்களே மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள்: கட்டடம், ஊர், சம்பளம், இயக்குநர் பேசிய விதம். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த நான்கையும் வைத்து அவசர மருத்துவ ரெசிடென்சியை, அதாவது டாக்டர்கள் மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே பெறும் சிறப்புப் பயிற்சியை, எடைபோட முடியாது.

நேர்காணல் நாளில் எல்லாரும் நல்லவர்கள்தான். மாசி மாதக் காலையில் மட்டும் கடலூர் சில்வர் பீச்சைப் பார்த்தவருக்கு, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அதே கடல் எப்படி இருந்தது என்று தெரியுமா? அவசரப் பிரிவை ராத்திரி இரண்டு மணிக்குப் பார்க்க வேண்டும். பாப்பா அதற்கான குறிப்பைத் தாளின் பின்பக்கம் பென்சிலில் கிறுக்கி வைத்திருக்கிறாள். நீங்கள் திருப்பிப் பார்க்கவில்லை போல.

முதல் இடத்தில், அட்மிஷன் ஆனவர்கள் வார்டில் படுக்கை கிடைக்காமல் வராண்டாவிலேயே ஸ்ட்ரெச்சரில் கிடந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இது பல இடங்களில் உண்டு, அதற்காக மட்டும் கழிக்க வேண்டாம். அவர்களை வார்டு டாக்டர் வந்து பார்க்கிறாரா, அதுவும் அவசரப் பிரிவு ரெசிடென்ட் தலையில்தானா என்று கேட்கச் சொல்லுங்கள். இன்னொரு குறிப்புதான் என்னை உறுத்துகிறது. மூச்சுக்குழாய் போடுவது யார் என்று கேட்டதற்கு, “பெரும்பாலும் மயக்க மருந்து டாக்டர் வந்துவிடுவார்” என்றார்களாம். அப்படியானால் இவள் கை எப்போது பழகும்?

இரண்டாவது இடம் பழைய கட்டடம், சின்ன ஊர். ஆனால் ரெசிடென்ட்கள் மட்டும் இருந்த சாப்பாட்டு மேசையில் கடைசி வருடத்துப் பையன் ஒருவன், போன வாரம் தான் செய்த தவறைத் தானே சொல்லி, மூத்த டாக்டர் அன்றைக்கே உட்கார வைத்து அதை விளக்கியதையும் சொல்லியிருக்கிறான். தவறை மறைக்கிற இடத்தில் இப்படிப் பேச்சு வராது. என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, அன்பாக மெயில் போட்ட இடத்தை முதலில் போட்டால்தான் கிடைக்கும் என்கிறீர்களே, அது தப்புக் கணக்கு. டாக்டர்களின் விருப்ப வரிசையையும் மருத்துவமனைகளின் வரிசையையும் கணினியில் பொருத்தி இடம் ஒதுக்குவதுதான் மேட்ச். 1998 முதல் நடப்பில் இருக்கும் அதன் முறை, ஆல்வின் ராத்தும் எலியட் பெரன்சனும் வடிவமைத்தது, விண்ணப்பிப்பவரின் விருப்ப வரிசையிலிருந்தே தொடங்குகிறது. முதலில் போட்டது கிடைக்காவிட்டால் இரண்டாவதற்கான வாய்ப்பு அதனால் குறையாது. ஆனால் பட்டியலில் போட்ட இடம் விழுந்தால் போயே ஆக வேண்டும். இடமே கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அங்கே மட்டும் வேண்டாம் என்று தோன்றினால் அதைச் சேர்க்காதீர்கள்.

அப்புறம் விசா. ஜே-1 என்ற பரிமாற்ற விசா என்றால் டெல்லியிலுள்ள மத்திய சுகாதார அமைச்சகத்தின் கடிதம் வேண்டும். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் இந்தியாவில் இருக்க வேண்டும், இல்லை விலக்கு வாங்க வேண்டும்.

சனிக்கிழமை பாண்டியிலிருந்து பாப்பா வரும்போது அழைத்து வாருங்கள். மதிப்பெண்ணை அழித்துவிடலாம், பின்பக்கத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.