யார் பெயரிலும் இல்லாத பெட்டி

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பொருள் ஏற்றுமதி அலுவலகம் எங்களுடையது. உள் போன்களை வெளி லைனோடு இணைக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். கருவி, 24 இண்டர்காமுடன் இருக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் வரும் அழைப்பெல்லாம் ரிசப்ஷன் பெண்ணின் வாய்ஸ்மெயிலில் போய் விழுகிறது. அவர் லீவு போட்டால் என்ன வந்தது என்றே தெரிவதில்லை. கம்பெனிக்குப் பொதுவாக ஒரு வாய்ஸ்மெயில் பெட்டி வைக்க முடியுமா சார்?
— வாசகி, ராணிப்பேட்டை

பதில்: தாராளமாக முடியும். இந்த வாரமே செய்துவிடுங்கள். உங்கள் வாடிக்கையாளர் இத்தாலியில் இருந்தால், நீங்கள் 6 மணிக்குப் பூட்டும்போது அங்கே கோடையில் மதியம் 2.30, குளிர்காலத்தில் 1.30. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து போனை எடுக்கிற நேரம் அது.

வேலூரில் ஒரு லாட்ஜில் நடந்ததைச் சொல்கிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளி மாநில நோயாளிகள் தங்குகிற இடம். ஓர் இண்டர்காம் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். போனபோது ரிசப்ஷன் போனில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. அங்கே ரிசப்ஷனில் இருக்கும் பெண் அக்கா வளைகாப்புக்கு ஆரணி போயிருந்தார். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். போனில் கேட்டு வாங்கித் திறந்தோம். மூன்று நாள் பழைய மெசேஜ். ஒருவர் இந்தியில் பேசுகிறார். அம்மாவால் படியேற முடியாது, கீழ்த்தளத்தில் ரூம் வேண்டும், இன்று இரவு ஹவுராவில் ரயில் ஏறுகிறோம் என்று சொல்லிவிட்டு, தன் எண்ணை நிறுத்தி நிறுத்தி இரண்டு முறை சொல்கிறார். ரூம் பையன்தான் எனக்கு மொழிபெயர்த்தான். முதலாளி உடனே அந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். அவர்கள் காட்பாடியில் இறங்கி, வேறெங்கோ இரண்டாவது மாடியில் ரூம் எடுத்திருந்தார்கள். மகன்தான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறாராம். கீழ்த்தளத்தில் அன்றைக்கு இரண்டு ரூம் காலியாகக் கிடந்தது. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று மாலையே அங்கே பொதுப்பெட்டி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். முதலில், போன் எதுவும் மாட்டாத ஓர் எண்ணை, 500 என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இ.பி.ஏ.பி.எக்ஸ்.ஸில் உருவாக்கச் சொல்லுங்கள். விர்ச்சுவல் எக்ஸ்டென்ஷன் என்றால் சர்வீஸ்காரருக்குப் புரியும். அந்த எண்ணுக்கு வாய்ஸ்மெயில் திறந்துவிட்டால் அதுதான் பொதுப்பெட்டி. பகலில் அழைப்பு வந்தால் ரிசப்ஷன், அக்கவுண்ட்ஸ், டெஸ்பாட்ச் மூன்று போனும் சேர்ந்து அடிக்கட்டும். 20 நொடிக்குள் யாரும் எடுக்காவிட்டால் 500க்குப் போகட்டும். நம் ஊர் மணி இரண்டிரண்டாக அடிப்பது. ஒரு சுற்றுக்கு 3 நொடி. ஆக, ஆறேழு முறை அடித்த பிறகு பெட்டி எடுக்கும். அது போதும். மாலை 6 மணிக்கு நைட் மோட், அதாவது அலுவலகம் மூடிய பிறகான செட்டிங், வந்ததும் நேராக 500க்குப் போகும்படி வையுங்கள்.

மெசேஜ் வந்ததைக் காட்டும் விளக்கு அந்த மூன்று போனிலும் எரிய வேண்டும், ரிசப்ஷனில் மட்டும் போதாது. பாஸ்வேர்டை மூவருக்கும் சொல்லுங்கள். ஆனால் தினமும் காலை 9.30க்குக் கேட்டு நோட்டில் எழுதும் பொறுப்பு ஒருவருக்குத்தான் இருக்க வேண்டும். அவர் வராத நாளில் யார் என்பதையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எல்லோருக்கும் பொறுப்பு என்று விட்ட பெட்டிகளில் மெசேஜ் வாரக்கணக்கில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பாஸ்வேர்டு 1234 ஆகவோ 500 ஆகவோ இருக்கவே கூடாது. பெட்டிக்குள் நுழைந்து அங்கிருந்து வெளியே டயல் செய்யும் வசதி இருந்தால் அதையும் அடைத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யாரோ எங்கிருந்தோ உங்கள் செலவில் ஐ.எஸ்.டி. பேசுவார்கள்.

வரவேற்புக் குரலை ஸ்பீக்கரில் பதியாதீர்கள், ரிசீவரைக் கையில் எடுத்துப் பேசுங்கள். லாரி சத்தம் தொடங்குவதற்கு முன் காலையிலேயே செய்துவிடலாம். பெட்டி எடுத்த நொடியிலிருந்து கூப்பிட்டவருக்குக் காசு ஓடும், அதனால் நீட்ட வேண்டாம். "வணக்கம். அலுவலக நேரம் காலை 9.30 முதல் மாலை 6 வரை. உங்கள் பெயர், விஷயம் சொல்லுங்கள். போன் எண்ணை இரண்டு முறை சொல்லுங்கள். மறுநாள் காலை நாங்களே அழைக்கிறோம்." இதையே ஆங்கிலத்திலும் ஒரு முறை. பண்டிகை லீவு வந்தால் மாற்றிப் பதியுங்கள். பொங்கலுக்கு மூடிவிட்டு 'மறுநாள் காலை' என்று சொல்லிக்கொண்டிருப்பது சரியில்லை.

மெசேஜ் இமெயிலிலும் வரும்படி செய்யலாம். வேவ் என்கிற சாதாரண ஒலி ஃபைல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்.பி. வரும். இமெயில் போனதும் பெட்டியில் அழித்துவிடும் செட்டிங் இருந்தால், ஒரு மாதமாவது அதை ஆன் செய்யாதீர்கள்.

பலரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு. உங்களுடையது பழைய செப்புக் கம்பி லைன் என்றால், கூப்பிட்டவர் போனை வைத்த பிறகு பெட்டிக்கு அது தெரிய வேண்டும். அவர் வைத்ததும் லைனில் வரும் நம் நாட்டு பிஸி டோன் முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி மௌனம். இ.பி.ஏ.பி.எக்ஸ்.ஸில் வெளிநாட்டு செட்டிங் அப்படியே இருந்தால் இந்த டோனை அடையாளம் காணாமல் அதையே மெசேஜாகப் பதிந்துகொண்டிருக்கும். அதுவரை லைனும் மாட்டிக்கொள்ளும், அடுத்தவர் கூப்பிட்டால் பிஸி. ஆகவே வேலை முடித்து சர்வீஸ்காரர் கிளம்பும் முன், உங்கள் செல்போனிலிருந்து கூப்பிட்டுப் பேசிவிட்டு வையுங்கள். அரை நிமிடம் கழித்து அதே லைனுக்கு மறுபடி கூப்பிடுங்கள். மணி அடித்தால் அவரை அனுப்பலாம்.

கேள்வி: எங்கள் கடையில் 8 இண்டர்காம் உள்ள பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். அதில் வாய்ஸ்மெயிலே இல்லை. புதிதாகத்தான் வாங்க வேண்டுமா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: வேண்டாம். ஆன்சரிங் மெஷின் ஒன்றை வாங்கி ஓர் இண்டர்காம் லைனில் மாட்டுங்கள். யாரும் எடுக்காத அழைப்பு கடைசியாக அந்த எண்ணுக்குப் போகும்படி வைத்து, மெஷின் இரண்டாவது மணியிலேயே எடுக்கும்படி செய்யுங்கள். இ.பி.ஏ.பி.எக்ஸ்.ஸுக்குக் கரண்ட் கொடுக்கும் யு.பி.எஸ்.ஸிலேயே அதன் பிளக்கையும் சொருகிவிடுங்கள்.