அமேசான் நிதியத்தை நடத்துவது யார்?

காடழிப்பைத் தடுத்து அமேசான் காட்டைக் காக்கவென 2008-இல் பிரேசில் தொடங்கிய அமேசான் நிதியத்தின் தலைமை யாரிடம் உள்ளது, அதில் பழங்குடியினருக்கு இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணத்தை நிர்வகிப்பது பிரேசிலின் அரசு வளர்ச்சி வங்கி. எந்தப் பணிக்கு முன்னுரிமை என்பதை வகுப்பதோ, சுற்றுச்சூழல் அமைச்சகம் தலைமை வகிக்கும் வழிகாட்டுக் குழு. அதில் மத்திய அரசு, அமேசான் மாநிலங்கள், குடிமைச் சமூகம் என மூன்று அணிகள் உள்ளன; பழங்குடியினரின் கூட்டமைப்பான கொயாப் மூன்றாம் அணியில் இடம்பெறுகிறது. பெரும் பங்கு நிதி தந்த நார்வேக்குக்கூட இக்குழுவில் இருக்கை கிடையாது.

இந்தக் குழு எவ்வளவு முக்கியமானது என்பது 2019-இல் வெளிப்பட்டது. அன்றைய அதிபர் பொல்சனாரோவின் அரசு அதைக் கலைத்ததும் நார்வேயும் ஜெர்மனியும் நிதியை நிறுத்த, கையிருப்பு இருந்தும் புதிய திட்டங்களுக்கு வழியில்லாமல் போனது; 2023 ஜனவரி 1 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அடுத்த அதிபர் லூலா அக்குழுவை மீட்டெடுத்தார்.

ஆனால் குழுவில் ஓர் இருக்கை கிடைப்பதும் பணத்தைத் தாமே கையாள்வதும் ஒன்றல்ல. ஆக்ரே மாநிலத்து அமோனியா நதிக்கரையில் வாழும் அஷானிங்கா மக்களின் சங்கம், வேளாண்காடு வளர்ப்புக்காக (பயிர்களோடு மரங்களையும் சேர்த்து வளர்ப்பது) 2015-இல் வங்கியுடன் நேரடியாகவே ஒப்பந்தம் செய்துகொண்டது. இடைத்தரகு அமைப்பு இல்லாமல் ஒரு பழங்குடி அமைப்பு நிதி பெற்றது அதுவே முதல் முறை. என் பார்வையில், இத்தகைய நேரடி ஒப்பந்தங்கள் பெருகினால்தான் பழங்குடியினரின் தலைமை மெய்யானதாகும்.